வேப்பமரத்தடியில் சட்டம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவி)

“கணிதம் படிக்கிற பெண்ணுக்குச் சட்டத்தில் என்ன வேலை?”

முதல் சுழற்சி வகுப்புகள் முடிந்த பின்னும் வீட்டுக்குப் போகாமல், நூலகத்துக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடியில் நாங்கள் ஐவர் வட்டமிட்டு அமர்ந்திருப்பதைக் கண்டவர்கள் கேட்ட கேள்வி இது. சிலர் அன்போடு கேட்டனர். சிலர் நகைத்தவாறு கேட்டனர். இரு சாராருக்கும் அன்று என்னால் சரியாக விடை சொல்ல இயலவில்லை. இந்த ஆண்டு மலரில் சொல்லிவிட முயல்கிறேன். நம் கல்லூரியிலிருந்து சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுத எண்ணும் நண்பர்கள் இருப்பின், நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றவை அவர்களுக்கு முதல் நாளிலேயே கிடைக்கட்டும்.

நாங்கள் ஐவரும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள். வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர், வேதியியல் நண்பர் ஒருவர், வணிகவியல் தோழி, ஆங்கில இலக்கியத் தோழி, கணிதத்தில் நான். ஐவரில் நால்வர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். வீட்டில் வழக்கறிஞர் எவரும் இல்லை; வழக்கறிஞரைத் தெரிந்தவர் கூட இல்லை. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டும் நிலையிலும் எவரும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு வரும் மாதம் 1,000 ரூபாயில் ஒரு பகுதியைத் தேர்வுக் கட்டணத்துக்கென எடுத்து வைத்து வருகிறேன். எங்கள் மூலதனம் அவ்வளவே.

எத்தனை வாயில்கள்?

சட்டம் படிக்க இரு வழிகள் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டுப் படிப்பு ஒன்று. பட்டம் பெற்ற பின் சேரும் மூன்றாண்டுப் படிப்பு மற்றொன்று. 2008ஆம் ஆண்டு தொடங்கிய ‘கிளாட்’ எனும் பொதுத் தேர்வே பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கு வாயில். நம் திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் அத்தேர்வின் வழியேதான் மாணவர்களைச் சேர்க்கிறது. இப்படி ஒரு தேர்வு இருப்பதே கல்லூரிக்கு வந்த பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. “திருச்சிக்கு எத்தனை முறை போயிருப்பேன்! அந்தப் பெயர்ப் பலகையை ஒருமுறை கூடப் பார்த்ததில்லையே” என்று வரலாற்று நண்பர் வருந்துவார்.

அதனால் குடி முழுகிவிடவில்லை. நம்மைப் போன்ற பட்ட வகுப்பு மாணவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் இப்படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பட்ட வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். ஆகவே நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிப் பருவத் தேர்வைக் கைவிடுவது, ஒரு கதவைத் தட்டப்போய் மறு கதவைச் சாத்திக்கொள்வது போலாகும். நுழைவுத் தேர்வு கைகூடாவிட்டாலும் சட்டப் படிப்பு கைநழுவாது என்ற எண்ணம் எங்கள் அச்சத்தைப் பாதியாகக் குறைத்தது.

நாங்கள் குறிவைத்திருக்கும் தேர்வுகள் இரண்டு. முதலாவது, பெங்களூரில் உள்ள தேசியச் சட்டப் பள்ளியின் ‘என்.எல்.சாட்’. 1988இல் வகுப்புகள் தொடங்கிய அப்பல்கலைக்கழகம், மூன்றாண்டுப் படிப்பை 2022இல்தான் தொடங்கியது. இத்தேர்வு 150 நிமிடம் நடைபெறும். முதற்பகுதியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் 75 வினாக்கள். இரண்டாம் பகுதியில் நாமே எழுத வேண்டிய விடைகள். இரண்டாவது, தில்லிப் பல்கலைக்கழகம் முதலியவற்றின் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கான ‘கியூட்’ முதுநிலைத் தேர்வு. 2025இல் நடந்த தேர்வில் 75 வினாக்களுக்கு 90 நிமிடம் கொடுத்தார்கள். இரண்டுக்கும் தமிழில் வினாத்தாள் கிடையாது. இந்த உண்மையை முதல் நாளே ஒப்புக்கொண்டு, அதற்கேற்ப உழைப்பதே நலம்.

சட்டம் தெரியாமல் சட்டத் தேர்வா?

எங்கள் முதல் அச்சம் இதுதான். சட்டப் புத்தகம் ஒன்றைக்கூட முழுதாகப் படிக்காத நாங்கள் எப்படி எழுதுவது? பழைய வினாத்தாள்களை அச்செடுத்து நிழலில் அமர்ந்து பார்த்தபோதுதான் தெளிவு பிறந்தது. சட்டப் பகுத்தறிதல் வினாக்கள் பெரும்பாலானவற்றில் சட்டக் கொள்கையை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். பின்பு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, கொள்கையை அதில் பொருத்தச் சொல்கிறார்கள். மனப்பாடத்துக்கு அங்கு அதிக வேலை இல்லை.

இதை என் தோழர்களுக்கு விளக்கும் வேலை கணித மாணவியான எனக்கு வாய்த்தது. ரோலின் தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். சார்பு மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். திறந்த இடைவெளியில் வகையிடத்தக்கதாக இருக்க வேண்டும். இரு முனைகளிலும் சமமான மதிப்பு இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் இடையில் ஓரிடத்திலாவது வகைக்கெழு பூச்சியமாகும் என்று சொல்லலாம். −1 முதல் 1 வரை மட்டுச் சார்பை வரைந்து பாருங்கள். முனைகளில் மதிப்பு சமம், தொடர்ச்சியும் உண்டு. ஆனால் பூச்சியத்தில் கூர்முனை இருப்பதால் அங்கு வகையிட முடியாது. ஒரு நிபந்தனை தவறியது; தேற்றத்தைப் பயன்படுத்தும் உரிமையும் போயிற்று.

திருட்டுக் குற்றமும் இவ்வாறே. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு, அதற்கு முன்பிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு, இரண்டிலும் அதன் கூறுகள் ஒன்றே. அசையும் பொருளாக இருக்க வேண்டும். அது பிறர் வசம் இருக்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் எடுக்க வேண்டும். நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும். அந்த எண்ணத்தோடு பொருளை நகர்த்த வேண்டும். இனி நிகழ்ச்சிக்கு வருவோம். நூலக வாயிலில் ஒரே மாதிரியான இரு கறுப்புக் குடைகள் இருக்கின்றன. தன்னுடையது என்று நம்பி ஒரு மாணவர் அடுத்தவர் குடையை எடுத்துச் செல்கிறார். இது திருட்டா? பொருள் அசையும் பொருள், பிறர் வசம் இருந்தது, சம்மதம் இல்லை, நகர்த்தியும் விட்டார். ஆனால் நேர்மையற்ற எண்ணம் இல்லை. ஆகவே திருட்டு ஆகாது. குடையைப் பறிகொடுத்தவர் மழையில் நனைந்தார் என்று நிகழ்ச்சியில் உருக்கமாக எழுதியிருப்பார்கள். அந்த உருக்கத்துக்கு விடையில் இடமில்லை. கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பவரே சரியான விடைக்குப் போவார்.

ஊகமும் கணக்கும்

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்றதும் எங்களில் சிலர் பாதி வினாக்களைத் தொடாமலே விட்டனர். இதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கியூட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறுக்கு 1 குறையும். என்.எல்.சாட் முதற்பகுதியில் சரிக்கு 1, தவறுக்கு 0.25 குறையும். இரண்டிலும் விகிதம் ஒன்றே. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரியாகும் வாய்ப்பு இருந்தால் விடையளிப்பது சராசரியில் ஆதாயம்; அதற்குக் கீழே போனால் நட்டம்.

நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆதாயம் இருக்கிறது, ஆனால் மிகச் சிறிது. கியூட் கணக்கில் நான்கு வினாவுக்கு 4 கிடைத்து 3 போய், மிச்சம் 1. பொருந்தாத இரண்டு விடைகளை நீக்கிவிட்டு ஊகித்தால், இரண்டே வினாவில் 4 கிடைத்து 1 போய், மிச்சம் 3. ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. தவறான விடைகளைக் கவர்ச்சியாக அமைப்பது வினா எழுதுவோரின் திறமை. அரைகுறையாகப் படித்துவிட்டு ஊகிப்பவருக்குக் கண்ணை மூடித் தொடுபவரை விடவும் வாய்ப்பு குறையக்கூடும். ஆகவே எங்கள் விதி இது: பத்தியைப் படிக்காமல் ஊகிக்காதே, படித்து இரண்டை நீக்கிய பின் அஞ்சாதே.

ஆங்கிலம் என்னும் ஆறு

தமிழ் வழியில் படித்து வந்த எங்களுக்கு நீண்ட ஆங்கிலப் பத்தி ஒரு காட்டாறு. ஆங்கில இலக்கியத் தோழி இதற்கு ஒரு முறை வகுத்தார். நூலகத்துக்கு வரும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் தினமும் ஒரு பத்தி. ஒருவர் உரக்கப் படிப்பார். அடுத்தவர் அதன் கருத்தைத் தமிழில் இரண்டே வாக்கியத்தில் சொல்வார். மூன்றாமவர் அதை எளிய ஆங்கிலத்தில் எழுதுவார். கருத்தைத் தமிழில் சொல்ல வராவிட்டால், பத்தி விளங்கவில்லை என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும். “புரிஞ்ச மாதிரி இருக்கு” என்று தலையாட்டித் தப்பிக்க வழியில்லை.

தெரிந்த சொற்களே எங்களை அதிகம் ஏமாற்றின. ‘பார்ட்டி’ என்றால் விருந்தும் கட்சியும் மட்டுமல்ல, வழக்கின் தரப்பினர். ‘சூட்’ என்றால் உடையல்ல, உரிமையியல் வழக்கு. ‘கன்சிடரேஷன்’ என்றால் பரிவு என்று நினைத்தோம். ஒப்பந்தச் சட்டத்தில் அது மறுபயன். இப்படிப்பட்ட சொற்களுக்கென ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தோம். இப்போது அது இரண்டாவது நோட்டில் பாதி வரை வந்திருக்கிறது.

ஐவரும் படித்த விதம்

கூட்டுப் படிப்பு என்றால் கூடிப் பேசிக் கலைவது என்று பொருளாகிவிடும் ஆபத்து உண்டு. எங்கள் முதல் மாதம் அப்படித்தான் போயிற்று. இரண்டாம் மாதம் ஒரு தவறு செய்தோம். வாராந்திர மாதிரித் தேர்வின் மதிப்பெண்களைத் தரவரிசையாக எழுதினோம். தொடர்ந்து மூன்று வாரம் கடைசியில் நின்ற வணிகவியல் தோழி நான்காம் வாரம் வரவில்லை. “நாலு பேருக்குப் பாரமா இருக்க வேண்டாம்னு நினைச்சேன்ப்பா” என்றார். அன்றே தரவரிசையைக் கிழித்தோம். அதற்குப் பதிலாகத் ‘தவறேடு’ ஒன்று தொடங்கினோம். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே காரணம் எழுத வேண்டும்: சொல் தெரியவில்லையா, வினாவைச் சரியாகப் படிக்கவில்லையா, கொள்கையின் கூறு ஒன்றை விட்டோமா, நேரம் போதவில்லையா? ஒரு மாதம் சென்றதும், ஒவ்வொருவர் தவறுக்கும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. வேதியியல் நண்பருக்கு நேரம். வரலாற்று நண்பருக்கு வினாவின் ‘அல்ல’ என்ற சொல். வணிகவியல் தோழிக்கு ஆங்கிலச் சொல். எனக்கு என்ன காரணம் என்பது ஒரு வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை

வெள்ளிதோறும் நாங்களே வினா எழுதுவோம். ஒருவர் நிகழ்ச்சியை எழுதுவார். மற்றொருவர் அதற்குரிய கொள்கையைத் தேடி வருவார். அந்த வாரம் நிகழ்ச்சி என்னுடையது. நான் இப்படி எழுதினேன்: ‘ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் ஓர் அரிசி ஆலையில், 2017ஆம் ஆண்டு, பெல்ட்டில் கை சிக்கி ஒரு தொழிலாளி வலக்கையில் இரண்டு விரல்களை இழந்தார். முதலாளி 20,000 ரூபாய் கொடுத்து, இனி எந்த இழப்பீடும் கோரமாட்டேன் என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கினார். அத்தொழிலாளி மேற்கொண்டு இழப்பீடு கேட்க முடியுமா?’

வணிகவியல் தோழி நூலகத்திலிருந்த தொழிற்சட்ட நூல் ஒன்றிலிருந்து கொள்கையை எழுதி வந்தார். பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923. அதன் 17ஆம் பிரிவு. வேலையின்போது நேர்ந்த காயத்துக்கான இழப்பீட்டு உரிமையைப் பணியாளர் விட்டுக்கொடுப்பதாகச் செய்யும் ஒப்பந்தம், முதலாளியின் பொறுப்பை நீக்கும் அல்லது குறைக்கும் அளவுக்குச் செல்லாது. அச்சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கிவிட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் விபத்து நடந்த நாளில் இருந்தது 1923ஆம் ஆண்டுச் சட்டமே.

நால்வரும் ஒரு நிமிடத்துக்குள் ‘கேட்க முடியும்’ என்று விடை குறித்தனர். நான் மட்டும் ‘முடியாது’ என்று குறித்திருந்தேன். கொள்கை என் கண்ணெதிரே எழுதப்பட்டிருந்தது. ஆனால் நான் அதிலிருந்து விடை எடுக்கவில்லை. “கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன கேக்க முடியும்?” என்று இத்தனை ஆண்டுகளாக எங்கள் வீட்டில் கேட்ட சொல்லிலிருந்து எடுத்தேன். அத்தொழிலாளி என் அப்பா.

தவறேட்டில் என் பெயருக்கு எதிரே காரணம் எழுத நேரமாயிற்று. கடைசியில், ‘கொள்கையை விட்டுத் தெரிந்ததிலிருந்து விடை எழுதினேன்’ என்று எழுதினேன். அப்போதுதான் தோழர்களுக்கு விஷயத்தைச் சொன்னேன். எவரும் பேசவில்லை. வரலாற்று நண்பர் மட்டும் அந்நூலை வாங்கி மேலும் சில பக்கங்களைப் புரட்டி, 10ஆம் பிரிவை மெல்லப் படித்தார். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் கோரிக்கை கொடுக்க வேண்டும். தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் ஆணையர் அதை ஏற்கலாம். 2019இலேயே அந்த இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. அப்போது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன்.

மறுவாரம் வணிகவியல் தோழியும் நானும் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் முதலியோர் இலவசச் சட்ட உதவி பெறலாம். அங்கிருந்த வழக்கறிஞர் பொறுமையாகக் கேட்டார். தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி மனுச் செய்யலாம் என்றும், அது ஏற்கப்படும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும், அப்பாவே நேரில் வர வேண்டும் என்றும் சொன்னார்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். பெட்டியில் இருந்து அந்த முத்திரைத்தாளை எடுத்து வந்து விளக்கடியில் பிரித்தார். “அப்ப இந்தக் கையெழுத்துக்கு உசுரே இல்லையா தாயி?” என்று கேட்டார். “இல்லைப்பா” என்றேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்த ஆலையிலதான் இன்னும் வாச்மேனா இருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்” என்றார்.

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் வற்புறுத்தவில்லை. சட்டம் தெரிவது வேறு, அதைக் கையில் எடுக்கத் துணிவது வேறு என்பதை எந்த மாதிரி வினாத்தாளும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளை அவர் மீண்டும் பெட்டியில் வைக்கவில்லை. சுவரில் நாள்காட்டிக்குப் பின்னே செருகி வைத்திருக்கிறார்.

அடுத்த ஆண்டுக்கு

‘கணிதம் படிக்கிற பெண்ணுக்குச் சட்டத்தில் என்ன வேலை?’ என்று கேட்டவர்களுக்கு என் விடை இதுவே. நிபந்தனைகளை எண்ணிப் பார்க்கக் கணிதத் துறை எனக்குக் கற்றுக் கொடுத்தது. அப்படி எண்ணிப் பார்த்துச் சொல்ல ஒருவர் அன்று எங்கள் தெருவில் இருந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டு வீணே கழிந்திராது. தேர்வில் நான் வெல்வேனா என்பது அடுத்த ஆண்டு தெரியும். வெல்லாவிட்டாலும் பட்ட மதிப்பெண்ணோடு நம் மாநிலச் சட்டக் கல்லூரி ஒன்றின் வாயிலில் நிற்பேன்.

இக்குழுவில் சேர விரும்பும் முதலாமாண்டு நண்பர்களுக்கு ஒரு சொல். பணம் வேண்டாம், ஆங்கிலப் புலமையும் வேண்டாம். உங்கள் துறையில் உங்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பிறருக்கு விளக்கச் சம்மதம் இருந்தால் போதும். விளக்கும்போதுதான் நமக்கு எது தெரியவில்லை என்பது தெரிகிறது. தவறினால் காரணத்தை மறைக்காமல் ஏட்டில் எழுத வேண்டும். எங்கள் ஐவரை வெயிலிலும் தூறலிலும் பொறுத்துக்கொண்டு, மாலை நான்கு மணி வரை நாளிதழ்களைத் தந்துதவிய நூலகத்தாருக்கும், அரைமணி நேர வேலையை விட்டு எங்கள் கட்டுரைகளைத் திருத்தித் தந்த ஆங்கிலத் துறை ஆசிரியர்களுக்கும் நன்றி. முதல் சுழற்சி மணி அடித்ததும் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். நிழலில் இன்னும் இடம் இருக்கிறது.